இடது மார்புக்கு இரண்டு நூல் வளையங்கள்

போன மாதம் சிட்னிப் புறநகர் கிரவீனில் ஒரு வீட்டுக்கு அலுமாரி தூக்கப் போனேன். எழுபதைத் தாண்டியவனை எதற்கு அலுமாரி தூக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தூக்குகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று "கவனம், கவனம்" என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டுமல்லவா? அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். கனம் குறையட்டும் என்று கதவைத் திறந்து உள்ளே கிடந்ததை எடுத்தபோது ஒரு பழைய கம்பளிக் கோட்டு கையில் வந்தது. பூச்சி உருண்டையும், நனைந்து காய்ந்த கம்பளியும், பித்தளை மினுக்கும் களிம்பும் கலந்த ஒரு மணம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அங்கிள், தலை சுத்துதோ? கதிரையில இருங்கோ" என்றாள் அந்த வீட்டுப் பிள்ளை.

"ஓம் பிள்ளை, கொஞ்சம்" என்றேன். அது பொய். தலை சுற்றவில்லை. அந்த மணம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் சிட்னி நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எழுபத்தெட்டாம் ஆண்டில் இறக்கிவிட்டிருந்தது. அதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். முடித்தேன் என்பதுகூடப் பெரிய சொல். ஒரு திங்கட்கிழமை போகவில்லை, பிறகு போகவேயில்லை. கொழும்பில் புறக்கோட்டைத் தையல் கடை ஒன்றில் சட்டைப் பொத்தானுக்குத் தெறித் துளை தைத்தேன். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் துணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு உதவியாள். எழுபத்தொன்றில் மெல்பேர்ண் துறைமுகத்தில் சப்பாத்து வாங்க இறங்கினேன், திரும்பி ஏறவில்லை. கப்பல் போய்விட்டது. எனக்கு அது நட்டமாகத் தெரியவில்லை. கப்பலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதன்பிறகு ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், பழத்தோட்டம், மறுபடி சலவைக்கூடம். ஒரு குளிர்காலம் முழுவதும் கண்ணாடியில்லாத யன்னலுக்குக் கடதாசி மட்டையை ஒட்டிக்கொண்டு படுத்தேன். மழை பெய்தால் மட்டை ஊறிவிடும், புதிது ஒட்டவேண்டும். பெரிய கஷ்டம் என்று சொல்லமாட்டேன். மட்டைக்குப் பஞ்சமில்லை. பிறகு அரசாங்கம் பத்திரமில்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்புத் தந்தபோது நானும் வரிசையில் நின்று மனிதனானேன். மனிதனானதும் முதலில் செய்த வேலை, சிட்னிக்கு ரயில் ஏறியது.

சிட்னியில் ரெட்பேர்ணில் பொன்னுத்துரை அண்ணையின் அறையில் பாதி எனக்கு. காரைநகர் ஆள், ரயில் பெட்டி கழுவும் வேலை. "நீ ஊசி பிடிக்கிற ஆள்தானே, அந்தக் கிழவனிட்டப் போய்ப் பார்" என்று என்னை அனுப்பியவர் அவர்தான்.

அந்தக் கிழவன் மிஸ்டர் கோட்ரெல். பதக்கம் கோத்துக் கொடுப்பது அவர் தொழில். இப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. படையில் இருந்தவர்களுக்குப் பதக்கங்கள் தனித்தனிப் பெட்டியில் வந்து சேரும். அவற்றை ஒரு பித்தளைச் சட்டத்தில், விறைப்பான துணி வைத்து, அதற்குரிய நாடாக்களைச் சுற்றி, வரிசையாகத் தைக்கவேண்டும். பின்பக்கம் நீளமான ஊசி. அந்த ஊசி கோட்டைக் கிழிக்காமல் இருக்க, கோட்டின் மார்பில் மெழுகு தடவிய நூலால் இரண்டு சிறிய வளையங்கள் தைத்துக் கொடுப்போம். ஊசி அதற்குள் போய் நிற்கும். வளையம் தைப்பது என் வேலையானது. தெறித் துளை தைத்த கைக்கு அது லேசு.

கோட்ரெல்லுக்கு ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது நாளுக்கு நாள் மாறும். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. எந்தப் பதக்கத்துக்கு அடுத்து எது வரவேண்டும் என்ற வரிசை. அவருடைய கையெழுத்து, சிவப்பு மையும் கறுப்பு மையும். அந்த அட்டையைத் தொட எனக்கு அனுமதியில்லை. பார்க்கலாம்.

நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்த அட்டை குழம்பிப்போய்க் கிடந்தது. காரணம் எழுபத்தைந்தில் வந்த புதிய ஓடர், அதாவது அரசாங்கம் ஆட்களைப் படிப்படியாகச் சேர்த்துக் கௌரவிக்கும் அமைப்பு. அதுவரை இங்கிலாந்து மகாராணியின் பழைய ஓடர்கள்தான். இப்போது ஆஸ்திரேலியா தனக்கென்று ஒன்றை உண்டாக்கியது, அதில் படையினருக்கென்று தனிப் பிரிவு. நீல நாடா, அதில் வாட்டில் பூவின் மஞ்சள் பொட்டுகள். படைப் பிரிவு என்றால் நாடாவின் இரு கரையிலும் பொன்னிறக் கோடு ஓடும். அந்தக் கோட்டை மறந்து, படையில் இல்லாதவர்களுக்குரிய மற்ற நாடாவைத் தைத்தால் ஒரு கேர்ணலை ஒரு நொடியில் தபாலதிபர் ஆக்கிவிடலாம். நான் ஒருமுறை ஆக்கியிருக்கிறேன்.

முதலில் மூன்று படிகள்தான் வைத்தார்கள். மேலே கம்பானியன், அது பெரிய தளபதிகளுக்கு. அடுத்தது ஒஃபிசர். கீழே மெம்பர், தன் கடமையை மிகச் சிறப்பாகச் செய்த மேஜர், வாரண்ட் ஒஃபிசர் போன்றவர்களுக்கு. இரண்டு வருஷம் போகவில்லை, உச்சியில் நைட் என்று ஒரு படியை வைத்தார்கள். கீழே வெறும் மெடல் என்று இன்னொன்றைச் செருகினார்கள். கோட்ரெல் ஒவ்வொரு தடவையும் அட்டையில் கடதாசித் துண்டு வெட்டி ஒட்டினார். ஒட்டும்போது கெட்ட வார்த்தை சொல்வார். "மேலே இருக்கிற ஆக்கள் கழுத்திலே தொங்கவிடுறவை, எங்களிட்ட வரமாட்டினம். மெம்பரும் அதுக்குக் கீழே உள்ளதும்தான் மார்பிலே குத்துறது. எங்களுக்குச் சோறு போடுறது கீழ்ப்படிதான்" என்பார். அவர் இங்கிலிசில் சொன்னதை எனக்குத் தெரிந்த பேச்சில் சொல்கிறேன். இனி வரப்போகிற வெள்ளைக்காரர்களும் என் வாயால்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னுத்துரை அண்ணையை ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய் அந்த அட்டையைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "அட, இவங்களும் சாதிக்குப் பலகை அடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறாங்களடா" என்றார். "நாங்கள் வாயாலதானே வைச்சிருந்தனாங்கள்!"

"என்ன சொல்லுறார்?" என்று கோட்ரெல் கேட்டார். அன்றைக்கு இரண்டு காதும் கேட்டது.

"அழகான கையெழுத்தாம்" என்றேன்.

அந்த மனிதர் எனக்குக் கற்றுத்தந்ததில் இரண்டு விஷயங்கள் இந்தக் கதைக்குத் தேவை. ஒன்று, பதக்கத்துக்கும் ஓடருக்கும் உள்ள வித்தியாசம். பதக்கம் உங்களுடைய பொருள், கையில் வாங்குகிறீர்கள். ஓடர் ஒரு கூட்டம், அதற்குள் உங்களைச் சேர்க்கிறார்கள். உயிரோடிருக்கும்வரை அதில் ஒருவர், செத்தால் இல்லை. ஓடருக்கு அடையாளமாகத் தந்த வட்டத் தட்டு வீட்டில் கிடக்கும், ஆனால் நீங்கள் ஓடரில் இல்லை. செத்தவரைப் புதிதாக அதற்குள் சேர்ப்பதும் இல்லை. சட்டப்படி எப்படியோ, எனக்குத் தெரியாது, கோட்ரெல் அப்படித்தான் சொன்னார்.

இரண்டாவது, பக்கம். சொந்தமாகப் பெற்றவர் இடது மார்பில் குத்துவார். அவர் இறந்தபிறகு மனைவியோ பிள்ளையோ ஏப்ரல் இருபத்தைந்தில், போர்வீரர்களை நினைக்கும் அன்சாக் நாள் ஊர்வலத்தில் குத்திக்கொள்ளலாம், ஆனால் வலது மார்பில். தெருவில் நிற்கிறவர்களுக்குப் பக்கத்தைப் பார்த்தாலே போதும். இடது என்றால் நடக்கிறவரே அவர். வலது என்றால் அவர் இல்லை.

மிஸிஸ் ஹெனிகன் வந்தது மாசி மாதம், மத்தியானம். வெளியே தார் உருகும் வெயில். அந்தக் கட்டடத்து லிப்ட் கம்பிக்கூடு போல இருக்கும், ஏறும்போது அழும். அவ லிப்டில் வரவில்லை, மூன்று மாடியும் ஏறி வந்திருந்தா. ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த ஆள். ஒரு கையில் சப்பாத்துப் பெட்டி, மற்றக் கையில் இரண்டு கோட்டுகள்: ஒன்று ஆணுடையது, கறுப்புக் கம்பளி. மற்றது அவவுடைய நீலக் கோட்டு.

பெட்டிக்குள் அவவுடைய கணவரின் பதக்கங்கள். மலாயா, வியட்நாம், நீண்டகாலச் சேவை. அவற்றோடு திறக்காத புதுப்பெட்டியில் அந்த வட்டத் தட்டு, மெம்பர், படைப் பிரிவு. கணவர் வாரண்ட் ஒஃபிசர். போன வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிறு காலை தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கோட்டை ஆணியில் விட்டுவிட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒண்டாக் கோக்கவேணும். புதுசு முதலாவதா" என்றா.

"ஓடர் முதலாவதாத்தான் வரும்" என்றார் கோட்ரெல். "வளையம் எந்தக் கோட்டிலே?"

அன்சாக் நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. கணவரின் தோழர்கள் ஊர்வலத்தில் அவவையும் நடக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நடந்தால் நீலக் கோட்டின் வலது மார்பில் வளையம் தைக்கவேண்டும். தைத்தால் அவர் செத்துவிட்டார். அரசாங்கம் எந்தக் கடதாசியில் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், அந்தத் தெருவில், அவரைத் தெரிந்த எல்லோருக்கும் முன்னால், அவவே தன் கையால் அவரைச் சாகடித்ததாகிவிடும். இதெல்லாம் அவ சொல்லவில்லை. இரண்டு கோட்டுகளையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டையும் மாறிமாறித் தடவியதில் தெரிந்தது.

"அவரின்ரை கோட்டிலே தையுங்கோ. இடது பக்கம்" என்றா கடைசியில். "மற்றதைப் பிறகு சொல்லுறன்."

நான்கு நாளில் வேலை முடிந்தது. நீலமும் பொன்னிறக் கரையுமாய் முதலில் அந்தத் தட்டு, பிறகு மற்றவை. நல்லாயிருந்தது, நானே சொல்லக்கூடாது. அவ வாங்க வந்தபோது கோட்ரெல் பின்னறையில் இருந்தார். கோட்டு அளவு சரியா, சட்டம் சாய்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். கணவர் என் உயரம், என் தோள். நான் யோசிக்கவில்லை. கோட்டைப் போட்டு, வளையத்துக்குள் ஊசியைச் செருகி, இடது மார்பில் அத்தனை பதக்கங்களோடு அவவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். கொஞ்சம் அழகு பார்த்தேன் என்றும் ஒத்துக்கொள்கிறேன். கப்பலை விட்டு ஓடியவனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

"கழட்டு!"

பின்னறை வாசலில் கோட்ரெல். முகம் சுண்ணாம்பு போல. "உடனே கழட்டு! பெறாதவன் இடது பக்கம் குத்தக்கூடாது. அதுவும் வேற ஒருத்தரின்ரையை! உனக்கு அறிவிருக்கோ? எத்தனை தரம் சொன்னனான்?"

நான் கழற்றத் தொடங்கினேன். மிஸிஸ் ஹெனிகன் என் கையைப் பிடித்தா. "கொஞ்சம் பொறு. திரும்பு. முதுகைக் காட்டு." திரும்பினேன். எனக்கு முன்னால் சுவரில் அந்த அட்டை, அதன் முதல் வரியை மூன்றுதரம் வாசித்தேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு, "சரி, லவ்" என்றா. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவா. "காணும்."

அவ போனபிறகு கோட்ரெல் கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். "அது ஒரு கதவு மாதிரி" என்றார். "இடது பக்கத்திலே குத்தினால் ஆளைக் கூப்பிடுறது. ஆர் வருவினமெண்டு உனக்குத் தெரியுமோ?" கடற்படையில் இருந்தவர், நம்பிக்கைகள் அதிகம். நான் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு அந்த லிப்டில் இறங்காமல் படியால் போனேன்.

மூன்று கிழமையில் அவ மறுபடி வந்தா. "உன்ரை நூல் சரியில்லை" என்றா.

கோட்டை விரித்தேன். நான் தைத்த இரண்டு வளையங்களும் இழுபட்டு, தேய்ந்து, ஒன்று அறுகிற நிலையில் இருந்தது. நான் மூன்று இழை முறுக்கி மெழுகு தேய்த்துத் தைப்பவன். நாள்தோறும் பாரமான சட்டத்தைக் குத்திக்கொண்டு ஒருவன் நடமாடினாலும் ஒரு வருஷம் தாங்கும். இடது மார்புத் துணி பாரத்தில் தொய்ந்திருந்தது. கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தில் அழுக்கு.

"ஆர் போடுகினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. சட்டத்தைக் குத்தி, கதிரையிலே தொங்கவிட்டிருக்கிறன். அவரின்ரை கதிரையிலே."

அவவே வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறாவாக்கும் என்று நினைத்தேன். நினைப்பதற்கு அது நல்ல விஷயமாக இருந்தது. புதிதாகத் தைத்துக் கொடுத்தேன், இந்தமுறை நான்கு இழை. அவ போன பிறகுதான் பட்டது: அந்தத் தோள் அகலமான கோட்டை அவ போட்டால் தொய்வு வேறு இடத்தில் விழும், வயிற்றுக்குக் கிட்ட. அந்தத் தொய்வு என் மார்பில் விழுந்த இடத்திலேயே விழுந்திருந்தது.

பொன்னுத்துரை அண்ணையிடம் சொன்னேன். சோறு குழைத்துக்கொண்டிருந்தார். "நீ போட்ட கோட்டெல்லோ? உன்ரை ஊத்தைதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பக்கம் போகாத, வேற ஆளை அனுப்பு" என்றார். வேறு ஆள் என்று கடையில் நான் ஒருவன்தான்.

சித்திரை நடுவில், அன்சாக் நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவவிடமிருந்து கடிதம் வந்தது. கடைக்கு வரமுடியவில்லை, கோட்டுகளை வைத்து வளையம் தைக்க ஆளை வீட்டுக்கு அனுப்பமுடியுமா என்று. ஒரு சனிக்கிழமை பகல் ரயிலில் போனேன். நகரத்துக்கு மேற்கே, குவேக்கர்ஸ் ஹில். இன்றைக்கு நீங்கள் அங்கே பிறந்தநாள் விழாவுக்குப் போகும்போது பார்க்கிற இடமல்ல. புல்வெளி, முள்ளுக்கம்பி, இரண்டு குதிரை, தூரத்தூரத்தில் பலகை வீடுகள். ஸ்டேசனிலிருந்து அரை மணி நடை. மழை பெய்து மாதமாகியிருந்தது, புல் எல்லாம் மஞ்சள். அவவுடைய வீட்டு வேலிக்குக் கதவாக ஒரு மரப் படலை. கீச்சென்றது.

குசினியில் உட்கார்த்தித் தேத்தண்ணி தந்தா. மேசைக்கு இரண்டு கதிரை. ஒன்றின் முதுகில் அந்தக் கறுப்புக் கோட்டு, இடது மார்பில் பதக்கங்கள். நான் தைத்த நான்கு இழை வளையத்தில் ஒன்று அறுந்து, சட்டம் சாய்ந்து தொங்கியது.

கோட்டை எடுத்தேன். இரண்டு கையின் முனையும் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஆற்றுச் சேற்று மணம். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகுவதற்கு மழை வேண்டும்.

அவ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. "உனக்கும் மணக்குதுதானே?" என்றா. "எனக்கு மட்டுமெண்டு நினைச்சன்."

பிறகு ஒரு கடதாசியை எடுத்து எனக்கு வாசித்தா. அந்த ஓடரில் ஹெனிகனை ஏன் சேர்த்தார்கள் என்று எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பயிற்றுவதில் அவர் காட்டிய மிகச் சிறந்த கடமையுணர்ச்சிக்காக. அவ கடதாசியை மடித்தா. அதே வருஷம், அதே பயிற்சியில், அவர் ஒரு ஆற்றைக் கடக்கச் சொல்லி அனுப்பிய சிப்பாய்களில் ஒருவன் திரும்பவில்லை. மேலே எங்கேயோ பெய்த மழை கீழே வந்தது ஒருவருக்கும் தெரியாது. அவர்மேல் குற்றமில்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஆற்றோடு போனவன் டாலி என்று எல்லோரும் கூப்பிடும் பையன். மற்ற இரண்டு பேரைக் கரைக்குத் தள்ளிவிட்டுத்தான் அவன் போயிருக்கிறான்.

"இந்தத் தட்டு அவன்ரை எண்டு என்ரை மனுசன் சொல்லுவார்" என்றா. "அவனுக்குக் குடுக்கச் சொல்லிக் கேட்டவர். செத்தவையைச் சேர்க்கிறேல்லையெண்டு சொல்லிப்போட்டினமாம். அந்தப் பெட்டியை ஒருநாளும் திறக்கேல்லை. கோக்கவும் விடேல்லை. கோக்கச் சொன்னது நான். அவர் வந்தால் ஆயத்தமா இருக்கட்டுமெண்டு. எனக்குப் பெருமையா இருந்தது, அதுதான்."

நான் ஊசியில் நூல் கோக்க முயன்றேன். முதல்தரம் நூல் ஏறவில்லை.

"ஒரு உதவி செய்வியோ, லவ்?" என்றா. "அதைப் போட்டுக்கொண்டு பின்கதவாலே வந்து, இந்த நடையாலே இஞ்சை வரைக்கும் நட. நான் திரும்பிப் பாக்கமாட்டன். கேட்டால் போதும். சந்தோசம் வந்தால் இன்னும் பாத்திருப்பன். பயம் வந்தால், நீ என்ரை கோட்டிலே தை."

கோட்ரெல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அறுந்த வளையத்தை முதலில் தைத்தேன். கோட்டைப் போட்டேன். ஈரக் கைமுனை மணிக்கட்டில் பட்டது. பின்கதவால் வெளியே போய், வெயிலில் ஒரு மூச்சு நின்று, உள்ளே வந்தேன். இருட்டு நடை, இருபது அடி இருக்கும், பலகைத் தரை. பதக்கங்கள் ஆடாமல்தான் தைத்திருந்தேன், ஆனாலும் அடிக்கு ஒருதரம் ஒன்றோடொன்று உரசி மெல்லிய ஒரு சத்தம். குசினி வாசலில் அவவுடைய முதுகு தெரிந்தது. கைகள் மேசையில். நான் வாசலில் நின்றேன்.

நான் நின்றபிறகு எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு அடி கேட்டது. பலகை மெல்ல எழும்பும் சத்தமாக இருக்கலாம். பழைய வீடுகளில் அப்படி நடக்கும். பலகையாகத்தான் இருக்கவேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் அந்த இரண்டு அடியிலும் பதக்கங்கள் உரசும் சத்தமும் சேர்ந்து கேட்டது. என் மார்பில் இருந்தவை அசையவில்லை.

மிஸிஸ் ஹெனிகன் திரும்பவில்லை. "அது அவர் இல்லை" என்றா. குரலில் நடுக்கமில்லை. "அவர் பதக்கத்தோட வீட்டுக்குள்ளே வந்ததே இல்லை. படலையடியிலே நிண்டு கழட்டிச் சட்டைப் பைக்குள்ளே போட்டிட்டுத்தான் வருவார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காதெண்டு. கலியாணம் கட்டின நாள் தொட்டு." மேசையில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டா. "இவ்வளவு நாளும் இரவும் பகலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தன், அவர் வந்திட்டாரெண்டு. நான் ஒரு விசரி. சத்தம் கேட்டால் அது அவர் இல்லையெண்டெல்லோ எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

"அப்ப ஆர்?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

"அந்தப் பிள்ளைதான். தன்ரையை எடுக்க வந்திருக்கு" என்றா, பால்காரன் வந்திருக்கிறான் என்பதுபோல. பிறகுதான் திரும்பினா. கண்கள் காய்ந்திருந்தன. என் மார்பிலிருந்து சட்டத்தை அவவே கழற்றினா. "முதலாவதை வெட்டி எடு."

அந்த மேசையிலேயே இருந்து நீல நாடாவின் தையலைப் பிரித்தேன். வட்டத் தட்டை அவ ஒரு கைலேஞ்சியில் சுற்றினா. டாலியின் தாய் மெல்பேர்ணில் இருக்கிறா, கொண்டுபோய்க் குடுக்கப்போறன் என்றா. "அவவை எந்த ஓடரிலேயும் சேர்க்கமாட்டினம். பரவாயில்லை. வைச்சிருக்கட்டும்." பிறகு நீலக் கோட்டை எடுத்து எனக்கு முன்னால் விரித்தா. "இதிலே தை."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை, ஆனால் தொழில் அது, கேட்காமல் ஊசி வைக்கக்கூடாது.

"வலது" என்றா. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதுதான் அவவுடைய வாய் கோணியது.

கறுப்புக் கோட்டில் இருந்த வளையங்களையும் வெட்டி எடுத்தேன். இனி அதில் ஒன்றும் தொங்கக்கூடாது. அதைப் படியில் வெயிலில் காயப்போட்டா. நான் புறப்படும்போது கையின் முனைகள் காய்ந்திருந்தன. அதன்பிறகு அந்தக் கோட்டு நனைந்ததாக அவ சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

திருத்தித் தருவதாகக் கொண்டுவந்த சட்டத்தைக் கடையில் கோட்ரெல்லிடம் கொடுத்தேன். முதலாவது இடம் வெறுமையாக இருந்தது, ஒரு நாடா அகலம். "இடைவெளி விட்டுக் கோக்கிறேல்லை. குறுக்கித் தை. நெருக்கு" என்றார். நடந்ததை முழுதும் சொன்னேன், பலகைச் சத்தம் உட்பட. அவர் எந்தக் காதால் கேட்டாரோ தெரியாது. நாற்பது வருஷமாக இடைவெளி விடாத மனிதர், அந்த இடத்துக்கு நாடா இல்லாமல் கறுப்புத் துணி மட்டும் சுற்றி, தன் கையாலேயே தைத்தார். என்னை விடவில்லை.

அன்சாக் நாள் காலையில் நான் தெருவோரம் நின்றேன். நல்ல கூட்டம். அவ கணவரின் தோழர்களுக்கு நடுவில் நடந்து வந்தா, நீலக் கோட்டு, வலது மார்பில் மூன்று பதக்கங்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு கறுப்பு வெறுமை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம், "பாவம், ஒண்டு விழுந்திட்டுது போல, அவவுக்குத் தெரியேல்லை" என்றார். ஒரு வயதானவர், இடது மார்பு நிறையப் பதக்கம் வைத்திருந்தவர், அந்த வெறுமையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கவேண்டும். அவ எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை.

பிறகு நான் வழக்கம்போல ஓரிடத்தில் இருக்கவில்லை. பெர்த்துக்குப் போனேன், அங்கிருந்து டார்வின். திரும்பி வந்தபோது பொன்னுத்துரை அண்ணை கனடாவுக்குப் போயிருந்தார். கோட்ரெல் இறந்து, கடை மூடி, பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்து, கம்பிக்கூட்டு லிப்டும் மாடியும் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. அட்டைக்கு என்ன நடந்ததோ. இப்போது அந்த ஓடரில் நைட் என்ற படியையும் எடுத்துவிட்டார்களாம். கிழவன் இருந்திருந்தால் ஒட்டிய துண்டைக் கத்தியால் சுரண்டி எடுத்திருப்பார், கெட்ட வார்த்தையோடு. பதக்கம் கோக்கிறவர்கள் இப்போதும் எங்கேயோ இருக்கிறார்களாம். வளையம் தைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லையாம், காந்தம் வந்துவிட்டது.

குவேக்கர்ஸ் ஹில்லுக்கு நான் இப்போது அடிக்கடி போகிறேன். எங்கள் ஆட்கள் நிறையப்பேர் வீடு கட்டியிருக்கிறார்கள். புல்வெளியும் முள்ளுக்கம்பியும் இல்லை. ஒரு பின்னேரம், ஸ்டேசனிலிருந்து அரை மணி நடந்து பார்த்தேன். அந்தத் திசை சரி, தூரமும் சரி. ஒரேமாதிரி இரட்டை மாடி வீடுகள், முன்னால் காருக்குச் சீமெந்துப் பாதை, வேலியே இல்லை. வலது பக்கம் என்று அவ சொல்லியாயிற்று, நான் தைத்துக் கொடுத்தாயிற்று. ஆனாலும் அந்த மனிதரின் உடலை ஒருவரும் காணவில்லை. அவர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தால், நின்று பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வதற்கு அங்கே ஒரு படலை இல்லை.